அமீனா குடியிருந்த வீடு

கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு வீடு வாங்க ஆரம்பித்தீர்கள் என்று உங்களில் யாராவது ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறீர்கள். தில்லை நகரில் மனை விலையைக் கேட்டுவிட்டு நேராக என்னிடம் வந்திருக்கிறீர்கள் என்பது முகத்திலேயே தெரிகிறது. தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் காலத்து ரூபாய் வேறு. அதனால் தொகையை விட்டுவிட்டு என் முதல் வீட்டின் கதையைச் சொல்கிறேன். சுண்ணாம்பு, ஓடு, பத்திரம், பட்டா இதெல்லாம் மேஸ்திரியும் பத்திரம் எழுதுகிறவரும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஆட்களைப் பற்றி. வாடகைத் தொழிலில் செங்கல் பாதி, ஆள் பாதி. தூக்கம் கெடுவதெல்லாம் இந்த இரண்டாவது பாதியால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் திருச்சியில் ஒரு அரிசி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஊர் லால்குடிப் பக்கம். பங்கு பிரித்ததில் எனக்கு வந்த துண்டு நிலத்தை அண்ணனுக்கே கொடுத்துவிட்டு, அவர் தந்த சின்னத் தொகையோடு நானும் செல்லம்மாளும் டவுனுக்கு வந்து வாடகைக்குக் குடியிருந்தோம். செல்லம்மாள் என் மனைவி. மாதா மாதம் வாடகையை எண்ணிக் கொடுக்கும்போதெல்லாம் அவள், "இதை வாங்குற கையா நாம இருந்தா எப்படி இருக்கும்" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். ஆனால் மாதம் தவறாமல் சொல்வாள்.

நான் ஒரு சீட்டில் சேர்ந்திருந்தேன். சீட்டை ஆரம்பத்திலேயே தள்ளி எடுத்தால் கைக்கு வருவது குறைவு. கட்ட வேண்டியது கடைசி மாதம் வரை அப்படியே நிற்கும். தெரிந்தேதான் எடுத்தேன். அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் என் மண்டி முதலாளி. ஒரு தவணை தவறினால் சீட்டுக்காரர் முதலாளியிடம் போவார், முதலாளி என்னிடம் வருவார், அதற்குப் பிறகு எனக்கு மண்டியில் என்ன மரியாதை இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டுப் பணத்தையும் அண்ணன் கொடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் பாலக்கரையில் ஒரு மாட்டுக்கொட்டகைகூட வாங்க முடியாது என்றார் தரகர். பிறகு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு வீடு இருக்கு. ஆனா அதுல அமீனா ராயர் இருக்காரு" என்றார்.

அமீனா என்றால் கோர்ட் உத்தரவை நிறைவேற்றுகிறவர். கடனைத் தீர்க்காதவன் வீட்டில் ஜப்தி செய்வதும், காலி செய்யாத குடித்தனக்காரரைச் சட்டி பானையோடு வெளியேற்றுவதும் அவர் வேலை. ராயர் என்று ஊர் கூப்பிட்ட கோவிந்தராவ் அந்த வேலையில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர். ஊரில் எத்தனையோ பேரை வீட்டை விட்டு வெளியேற்றியவர், தான் குடியிருந்த வீட்டை விட்டு அசையவில்லை. வாடகையை ஏற்றுவதற்காக அவரைக் கிளப்பப் பார்த்த ஒரு வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போய் அலுத்து வீட்டை விற்றார். வாங்கியவரும் அதையே செய்தார், அவரும் அலுத்தார். இப்போது மூன்றாமவர் வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். வாங்க ஆளில்லை.

"பாம்பு இருக்குற புத்துங்க அது" என்றார் தரகர்.

செல்லம்மாள்தான், "பாம்பை நேர்ல ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாமே" என்றாள்.

போனோம். நடுவில் ஒரு முற்றம், கிணறு. முன்கட்டில் ராயரும் அவர் மனைவியும். பின்கட்டு காலி, அதற்குச் சந்துப் பக்கம் தனி வாசல். ராயர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், பெரிய மீசை. வீடு பார்க்க வந்திருக்கிறோம் என்று சொன்னதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். நான் ஒரு அடி பின்னால் வைத்தது உண்மை.

"வாங்க. முதல்ல மேற்குச் சுவரைப் பாருங்க" என்றார். ஓதம் ஏறிய சுவரைக் காட்டினார். சமையற்கட்டு உத்தரத்தில் கரையான் இருக்கும் இடத்தைக் கைத்தடியால் தட்டிக் காட்டினார். எந்த ஓட்டின் வழியாக மழை ஒழுகும், கிணறு சித்திரையில் எவ்வளவு இறங்கும், எல்லாம் சொன்னார். விற்கிறவரும் தரகரும் ஒரு வார்த்தை சொல்லாத விஷயங்கள்.

சுற்றிப் பார்த்து முடித்ததும், "நீங்க வாங்கினா என்னைக் காலி பண்ணச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லம்மாள் கேட்டாள்: "நீங்க வாடகை எப்ப குடுப்பீங்க?"

"ஒண்ணாந்தேதி காலையில."

"அப்புறம் எதுக்குங்க உங்களைக் காலி பண்ணச் சொல்றோம்?"

ராயர் அவள் பக்கம் திரும்பினார். "இதை இதுவரைக்கும் யாரும் கேக்கலை" என்றார்.

அவர் சொன்ன குறைகளையெல்லாம் எடுத்து வைத்து விலையை இன்னும் குறைத்தேன். ஊரே பயந்த குடித்தனக்காரர் எனக்காகப் பேரம் பேசியது போல ஆயிற்று. இதை மட்டும் கவனத்தில் வையுங்கள். வீட்டைப் பற்றி விற்கிறவருக்குத் தெரிந்ததைவிட அதில் குடியிருப்பவருக்கு அதிகம் தெரியும். யாரும் அவரைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

வாங்கியாயிற்று. நாங்கள் பழைய வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டோம். ராயர் வாடகை சொன்ன தேதியில் வந்தது. ஆனால் அது சீட்டுத் தவணையில் பாதிக்குத்தான் காணும். மீதி பின்கட்டிலிருந்து வர வேண்டும். முன்வாசலில் 'பின்கட்டு வாடகைக்கு விடப்படும்' என்று பலகை மாட்டினேன். ரயில் ஆபீஸ், கடை கண்ணி, பள்ளிக்கூடம் என்று ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் பலகைக்குக் கீழே சாய்வு நாற்காலியில் இருந்த ராயரைத் தாண்டித்தான் வர வேண்டும். யாரும் தாண்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்தேன். ஒரு கடைக் குமாஸ்தா, மனைவியோடு வந்திருந்தார்.

"சம்பளம் எப்ப வரும்?" என்று கேட்டார் ராயர்.

"முதலாளி ஊர்ல இருந்தா பத்து தேதிக்குள்ள குடுத்துடுவார்."

"ஊர்ல இல்லைன்னா?"

"வந்ததும் குடுப்பார்."

"அப்போ வாடகை?"

"சம்பளம் வந்ததும்..."

"முதலாளி காசிக்குப் போனா நீங்க எங்கே போவீங்க?"

குமாஸ்தாவின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னொரு நாள் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த பிட்டர் ஒருவன் வந்தான். பெயர் ஆரோக்கியம். நல்ல பையன், தாயாரைக் கூட்டி வைத்துக்கொள்ள வீடு தேடினான். அவனிடமும் வேலை நிரந்தரமா, எப்போது நிரந்தரமாகும் என்று குடைந்து கேட்டு அனுப்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்கட்டு காலியாகக் கிடந்தால் கிணறும் முற்றமும் தனக்கே என்றுதான் மனுஷன் விரட்டுகிறார் என்று முடிவு கட்டினேன்.

"அவர்கிட்டயே கேட்டுடுங்களேன்" என்றாள் செல்லம்மாள்.

நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் வாடகைக்கு விட்டுக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

மண்டிக்கு வந்து போகும் ஒருவர் மூலமாக பக்கிரிசாமி என்று ஒரு நாடகக் கம்பெனி மேனேஜர் வந்தார். சில்க் ஜிப்பா, கையில் மோதிரம். தானும் மனைவியும் மச்சானும் மட்டும் என்றார். மூன்று மாத வாடகையை முன்பணமாக மண்டி மேஜையிலேயே எண்ணி வைத்தார். எனக்கு அந்த மாதத் தவணையும் அடுத்த மாதத் தவணையும் கண் முன்னால் வந்து நின்றன. சந்து வாசல் சாவியை அங்கேயே கொடுத்தேன். ராயரின் நாற்காலியைத் தாண்டாமல் ஒரு குடித்தனம் உள்ளே போயிற்று.

அந்த வாரத்திலேயே கட்டை வண்டிகளில் கம்பெனி வந்து இறங்கியது. காடு, அரண்மனை, கடற்கரை என்று எழுதிய படுதாக்கள், ஹார்மோனியம், கிரீடப் பெட்டிகள், அட்டைக் கதாயுதங்கள், ஒரு சிம்மாசனம். அதோடு ஆண்களும் பெண்களுமாக இருபது பேருக்குக் குறையாமல். நான் தகவல் கேட்டு ஓடிப்போனபோது ராயர் சந்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வண்டிக்காரனைப் பார்த்து, "சிம்மாசனம் நிலைவாசல்ல நுழையாது. சுவத்துக்கு மேல தூக்கிக் குடு" என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்தத் தெரு கலகலப்பாக இருந்தது. காலையில் கிணற்றடிக்குப் போனால் ராட்சச வேஷக்காரர் துணி துவைத்துக்கொண்டிருப்பார். ராணி வேஷம் கட்டுகிற ஆண் பிள்ளை முகம் மழித்துக்கொண்டே பாட்டுப் பாடுவார். ஒத்திகை நடக்கும்போது தெருப் பெண்கள் குடத்தோடு சந்தில் நிற்பார்கள். ராயரின் மனைவியே முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு முழு நாடகத்தையும் கேட்டு முடித்தார். வாடகைக்கு விட்டால் இப்படியல்லவா விட வேண்டும் என்று எனக்கே தோன்றியது.

ஆனால் ஊருக்குள் பேசும் படம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஜனங்கள் நாலணாவுக்கு அங்கே போனார்கள். கம்பெனியின் கொட்டகையில் முதலில் பின் வரிசை காலியாயிற்று, பிறகு நடு வரிசை. முன்பணம் தீர்ந்த மாதம் பக்கிரிசாமி என்னைப் பார்த்ததும் தெருவின் மறுபக்கத்துக்குப் போய் நடந்தார். அவர் விரலில் மோதிரம் இல்லை. அடுத்த மாதமும் வாடகை இல்லை. நான் கையிலிருந்ததை வழித்துத் தவணை கட்டினேன். அதற்கடுத்த தவணைக்கு வழிக்க ஒன்றுமில்லை. சீட்டுக்காரர் மண்டிக்கே வந்து, முதலாளிக்குக் கேட்கும்படியாக, "நாள் நெருங்குது, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு பேரேட்டைப் புரட்டினார். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

தரகர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கூரை ஓட்டைப் பிரித்துவிடுவது. பழுது பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்னொன்று, மண்டியில் மூட்டை தூக்குகிற ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமானைத் தூக்கி வெளியே வைப்பது. பயம் வந்துவிட்டால் மனிதனுக்குக் கெட்ட யோசனையும் நல்ல யோசனை போலத் தெரியும். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

ஒரு காலை நேரம் நாலு ஆட்களோடு சந்து முனைக்குப் போனேன். ராயர் அங்கே கைத்தடியோடு நின்றிருந்தார். செல்லம்மாள் சொல்லியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"வீட்டுக்காரரே, எங்கே கிளம்பிட்டீங்க?"

"உங்களுக்குத் தெரியாததா ராயரே. நீங்க செஞ்ச வேலைதான்."

"நான் செஞ்சப்போ என் கையில முத்திரை போட்ட காகிதம் இருந்துது. உங்க கையில என்ன இருக்கு?"

நான் பின்னால் நின்ற ஆட்களைத் திரும்பிப் பார்த்தேன்.

"சரி, காகிதத்தை விடுங்க. சாமானை வெளியே வைக்க ரொம்ப நேரம் ஆகாது. வச்சுப் பாருங்க. போக இடமில்லாதவன் என்ன பண்ணுவான்? சாமான் பக்கத்துலயே உக்காந்துக்குவான். உங்க சந்துலயே உக்காந்துக்குவான். சாயங்காலத்துக்குள்ள தெரு ஜனம் அவனுக்குச் சோறு போடும், உங்களைத் திட்டும். ஒரு தூறல் விழுந்தா நீங்களே கதவைத் திறந்து உள்ளே விடுவீங்க. அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு வாடகைக்கு யார் வருவா? நான் எத்தனையோ வாசல்ல இதைப் பாத்திருக்கேன்."

"அப்போ நான் என்னதான் பண்றது? தவணை கட்டலைன்னா வீடு மட்டுமில்ல, வேலையும் போயிடும்."

"அவங்க போறதுக்கு ஒரு இடம் பாருங்க. போக இடம் தெரிஞ்சவனைப் போகச் சொல்லவே வேண்டாம்."

என் பின்னால் நின்ற ஆட்களில் மூத்தவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லதாப் போச்சுங்க. அந்த ராணி வேஷக்காரர் எம் பொண்ணுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்குறாரு. எப்படி அவரு பெட்டியத் தூக்குறதுன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்" என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

ராயர் என்னைத் தன் வாசலுக்கு அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்.

"உங்க மண்டிக்கு அரிசி எங்கேருந்து வருது?"

"மண்ணச்சநல்லூர் மில்லுலேருந்து. வண்டியில வரும்."

"அங்கே பேசும் படம் உண்டா?"

"அங்கே ஏது?"

"அரிசியை இறக்கிட்டு வண்டி எப்படித் திரும்பிப் போவும்?"

"காலியாத்தான் போவும்" என்று சொல்லிவிட்டு நான் காபியைக் கீழே வைத்தேன்.

மறுநாள் மில்காரர் மண்டிக்கு வந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டேன். அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது. அவருடைய நெல் கிடங்கு ஒன்று காலியாகக் கிடந்தது. நாடகம் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்தது. "ராஜா வேஷம் கட்டுறவர் உசரமா இருப்பாரா?" என்று மட்டும் கேட்டார். இருப்பார் என்றேன். கிடங்கைத் தருவதாகவும், வசூலில் ஒரு பங்கு போதும் என்றும் சொன்னார்.

பக்கிரிசாமியிடம் போய்ச் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. "எங்கே போறதுன்னு தெரியாமத்தாங்க உங்க கண்ணுல படாம சுத்திக்கிட்டு இருந்தேன்" என்றார்.

சாமான் ஏற்றுகிற அன்று எனக்கு இன்னொரு புத்தி வந்தது. பாக்கி வாடகைக்கு ஈடாக ஹார்மோனியத்தை நிறுத்தி வைக்கலாம் என்று ராயர் காதில் சொன்னேன். ஜப்தி என்றால் அவருக்குப் பிடிக்கும் என்று நினைப்பு.

"ஹார்மோனியம் உங்க வீட்ல இருந்தா அங்கே நாடகம் எப்படி நடக்கும்?" என்றார் அவர். "நாடகம் நடக்கலைன்னா உங்க பாக்கி எங்கேருந்து வரும்? சம்பாதிக்கிற பண்டத்தை மட்டும் எடுக்கக் கூடாது. வேணும்னா அந்தச் சிம்மாசனத்தை வச்சுக்கோங்க. ஆனா வைக்க உங்க வீட்ல இடம் கிடையாது."

ஹார்மோனியம் போயிற்று, சிம்மாசனமும் போயிற்று. அரிசி வண்டிகள் வரிசையாகக் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போனதை நானும் செல்லம்மாளும் பாலம் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தோம். முதல் வண்டியில் சிம்மாசனத்தின் மேல் பக்கிரிசாமியின் மனைவி இடமில்லாமல் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீரங்கத்துக்குத் தரிசனத்துக்குப் போகிறவர்கள் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள். கடைசி வண்டியில் படுதா அவிழ்ந்து, காவேரிக்கு மேலே ஒரு கடற்கரை ஆடிக்கொண்டே போயிற்று. பாக்கி வாடகை ஒரே தடவையில் வரவில்லை. அரிசி வண்டிக்காரர்கள் கையில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்பதுதான் முக்கியம்.

ஆனால் தவணை நாள் அதற்கெல்லாம் காத்திருக்காதே. பின்கட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது ராயர் வந்து, "அந்தப் பிட்டர் பையன் நாளைக்கு வரான். நிரந்தரம் ஆயிடுத்தாம்" என்றார்.

"எந்தப் பையன்?"

"ஆரோக்கியம். வேலை நிரந்தரமானதும் வான்னு சொல்லி அனுப்பினேனே. அவனை வேணாம்னா சொன்னேன்?"

அப்போதுதான் நான் கேட்டேன், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை. வந்தவர்களை எல்லாம் ஏன் விரட்டினீர்கள் என்று.

ராயர் மீசையைத் தடவிக்கொண்டார். "என் சர்வீஸ்ல சாமானைத் தூக்கி வெளியே வச்சது எத்தனை வீடுன்னு எனக்கே தெரியாது. அதுல மோசக்காரன் ரொம்பக் கொஞ்சம். மீதியெல்லாம் தன்னால குடுக்க முடியாத வாடகைக்கு ஆசையா வந்து உக்காந்தவன். முதல் நாளே ஒருத்தர் உக்காத்தி வச்சுக் கேட்டிருந்தா அவனும் தப்பிச்சிருப்பான், வீட்டுக்காரனும் தப்பிச்சிருப்பான், நானும் அந்த வாசல்ல போய் நின்னிருக்க வேண்டாம். நான் குடியிருக்கிற வீட்லயே இன்னொரு தடவை அதைப் பாக்கணுமா?"

ஆரோக்கியம் தாயாரோடு வந்தான். அவன் கொடுத்த முன்பணம் நேராகச் சீட்டுக்காரரிடம் போயிற்று. அந்த வீட்டில் அவனுக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்கள் நடக்கிற வரைக்கும் இருந்தான்.

உங்களில் பலர் குடித்தனக்காரர் கிடைத்தால் போதும் என்று சாவியைக் கொடுத்துவிடுகிறீர்கள். காலியாக இருக்கிற வீடு ஒவ்வொரு நாளும் பல்லைக் காட்டும், எனக்குத் தெரியும். ஆனாலும் பொறுங்கள். ஒருத்தரை உள்ளே விடுவதற்கு நாலு கேள்வி போதும். வெளியே அனுப்புவதற்கு நாலு மாட்டு வண்டி வேண்டியிருந்தது எனக்கு.

சீட்டு முடிந்தது. வாடகை இப்போது கையில் நின்றது. யுத்தம் ஆரம்பித்த சமயம் ஸ்ரீரங்கத்தில் அடையவளைந்தான் தெருப் பக்கம் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. வீட்டுக்காரருக்கு டில்லியில் உத்தியோகம். அவசரமாக முடிக்க வேண்டும். நான் ராயரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர் சுவரைத் தட்டினார், கிணற்றை எட்டிப் பார்த்தார், உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். "விடாதீங்க" என்றார்.

"என்கிட்ட பாதிதான் இருக்கு ராயரே."

வண்டி பிடித்துத் திரும்பினோம். பாலம் ஏறும்போது குதிரை வண்டிக்காரனை மெதுவாகப் போகச் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமலே, "மீதிப் பாதி நான் போடட்டுமா?" என்று கேட்டார். "ஓய்வு பெத்தப்போ வந்தது அப்படியே இருக்கு. பிள்ளை குட்டி கிடையாது. ஊர்ல இருக்கிற அத்தனை வீட்டுக்கும் போயிருக்கேன் வீட்டுக்காரரே. எனக்குன்னு ஒண்ணு இருந்ததில்ல."

பத்திரம் எழுதுகிறவர் தொழில் என்ன என்று கேட்டபோது ராயர் என்னைப் பார்த்தார். எழுபதை நெருங்கிய அந்த மனிதர் மீசைக்குள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். "வீடு வாடகைக்கு விடுறதுன்னு எழுதுங்க" என்றார்.

அந்த வீட்டுக்குக் குடித்தனக்காரரையும் அவரே கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுத்தார். ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார், அய்யங்கார், சாதுவான மனிதர். சம்பளம் நிச்சயம், என்ன, பள்ளிக்கூடத்தில் சில மாதம் கொஞ்சம் தள்ளிக் கொடுப்பார்கள். வாடகை வசூல் தன் பொறுப்பு என்று ராயர் கேட்டு வாங்கிக்கொண்டார். என்ன இருந்தாலும் அனுபவஸ்தர்.

முதல் மாதம் ஸ்ரீரங்கம் போனவர் ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். உள்ளே புளியோதரை.

"வாடகை?" என்றேன்.

"பெருமாள் பிரசாதம். சாப்பிடுங்க" என்றார்.

அடுத்த மாதம் சர்க்கரைப் பொங்கல். அதற்கடுத்த மாதமும் அதே. செல்லம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். ராயர் நாற்காலியில் நெளிந்தார்.

"வாத்தியார் என்ன சொல்றார்?"

"'அடியேன் இந்த மாசம் கொஞ்சம் சிரமத்துல இருக்கேன் ஸ்வாமி, தேவரீர் க்ஷமிக்கணும்'னு சொல்றார்மா. அப்படிச் சொன்னதுக்கப்புறம் நான் என்ன கேக்கறது?"

"ஊரையே நடுங்க வச்சீங்களே, நீங்களா இப்படி?"

"அப்போ கோர்ட் கேட்டுதுமா, நான் போய் நின்னேன். இப்போ எனக்குக் குடுங்கன்னு நானேதானே கேக்கணும்? வாயைத் திறந்தா வார்த்தை வர மாட்டேங்குது." அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் புதிதாக இருந்தது.

செல்லம்மாள் மறுநாள் காலை தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு தானே கிளம்பினாள். மத்தியானம் திரும்பி வந்தவள் ஒரு கையில் மூன்று மாத வாடகையையும் இன்னொரு கையில் இலைப் பொட்டலத்தையும் கொண்டுவந்து ராயர் முன்னால் வைத்தாள்.

ராயர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலைங்க. போய் உக்காந்தேன். மாமி காபி குடுத்தாங்க, குடிச்சேன். கோயில் விஷயம் பேசினாங்க, கேட்டுக்கிட்டேன். அப்புறம் பேச ஒண்ணுமில்ல. நானும் எழுந்திருக்கல. கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மாவே உக்காந்திருந்தோம். அப்புறம் மாமியே உள்ளே போய் எடுத்துக்கிட்டு வந்தாங்க. பணம் வீட்லதான் இருந்திருக்கு. கேக்குறவர் கேக்காமலே எழுந்து வந்துட்டா அவங்க எப்படிக் குடுப்பாங்க?"

அதற்குப் பிறகு எங்கள் கூட்டு வியாபாரத்தில் வேலைப் பங்கீடு ஆளுக்கு ஒன்றாக அமைந்துவிட்டது. ஆளைத் தேர்ந்தெடுப்பது ராயர். ஓடு மாற்றுவதும் சுண்ணாம்பு அடிப்பதும் நான். வசூல் செல்லம்மாள். ராயர் இருந்த வரைக்கும் இன்னும் இரண்டு வீடுகள் சேர்த்தோம். மாதப் பிறப்பில் செல்லம்மாள் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் ராயரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூடவே வண்டியில் ஏறிக்கொள்வார். அங்கே போய்ச் சந்நிதியில் சேவித்துவிட்டு, வாத்தியாரோடு வாசலில் நின்று யுத்தச் செய்திகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். செல்லம்மாள் உள்ளே போய் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்களாம்.